ஊத்தினதா, சிந்தினதா, கசிஞ்சதா?

"ஊத்து" என்ற ஒரே சொல்லை வச்சுக்கிட்டு நாம பாதி நாளை ஓட்டிடுறோம். டம்ளர்ல தண்ணி ஊத்துறோம். செடிக்குத் தண்ணி ஊத்துறோம். தோசை ஊத்துறோம். ராத்திரி பூரா மழை ஊத்துது. பெருசா எதிர்பார்த்த படம் ஊத்திக்குது. இந்த அஞ்சையும் இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. டம்ளருக்கும் மழைக்கும் மட்டும்தான் 'போர்' வரும் (சண்டை இல்லைங்க, ஊத்துற போர்). செடிக்கு 'வாட்டர்' என்ற பெயர்ச்சொல்லே வினைச்சொல்லா மாறிடும். தோசைக்கு 'மேக்'. படத்துக்கு 'ஃப்ளாப்'.

இதனால தமிழ்ல சொல்வளம் குறைவுன்னு நினைச்சுடாதீங்க. வார், சேந்து, மொள், இறை, வடி, தெளி, பீய்ச்சு, பாய்ச்சு, சிந்து, சொட்டு, கசி, ஒழுகு, ததும்பு, வழி... நம்மகிட்டயும் ஒரு குடம் நிறைய இருக்கு. பிரச்சினை எண்ணிக்கையில இல்ல. ஒரு சொல்லோட எல்லை எங்க முடிஞ்சு அடுத்த சொல் எங்க ஆரம்பிக்குதுங்கிறதுல ரெண்டு மொழியும் வேற வேற இடத்துல கோடு கிழிக்குது. அதான் நாம தடுமாறுற இடம்.

கேன்டீன்ல பேசும்போது எதைச் சொன்னாலும் எதிர்ல இருக்கிறவர் புரிஞ்சுக்குவார். ஆனா லேப் ரெக்கார்ட், வைவா, இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட், நாளைக்கு வேலைக்குப் போய் எழுதப்போற ஷிஃப்ட் லாக் புக், இதெல்லாம் அப்படி இல்ல. அங்க ஒரு வினைச்சொல் மாறினா நடந்த சம்பவமே மாறிடும். பழி யார் மேல விழணும், அடுத்து எதைச் சரிசெய்யணும், எவ்வளவு அபராதம் கட்டணும் என்பது வரைக்கும் மாறும். கடைசியில அதுக்கு ஒரு கோடிக்கணக்கான டாலர் உதாரணமே இருக்கு.

அகராதியை மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒரு திரவம் நகர்றதைப் பார்த்தா மூணு கேள்வி கேளுங்க, போதும்.

1. இது தெரிஞ்சு செஞ்சதா, தெரியாம நடந்ததா?
2. திரவத்தை எது நகர்த்துது, எவ்வளவு வேகத்துல?
3. நம்ம கண்ணு எது மேல: திரவம் மேலயா, பாத்திரம் மேலயா, மிஞ்சுறது மேலயா?

முதல் கேள்வி: தெரிஞ்சா, தெரியாமலா?

கெமிஸ்ட்ரி லேப் மேஜை மேல கொஞ்சம் சல்ஃப்யூரிக் ஆசிட் கிடக்குன்னு வச்சுக்குவோம். மேஜையில இருக்கிற ஆசிட் ஒண்ணுதான். ஆனா நீங்க எழுதுற வினைச்சொல் அஞ்சு வெவ்வேற கதை சொல்லும்.

'போர்' பண்ணேன்னு எழுதினா, வேணும்னே மேஜை மேல ஊத்தினீங்கன்னு அர்த்தம். போர் என்பது ஒருத்தர் பாத்திரத்தைச் சாய்ச்சு, கட்டுப்பாட்டோட, தெரிஞ்சே ஊத்துறது. மேஜைக்கு அது பொருந்தாது.

'ஸ்பில்' ஆச்சுன்னா சிந்திடுச்சு. கை தட்டிடுச்சு, பாட்டில் சாய்ஞ்சிடுச்சு. விபத்து.

'லீக்' ஆச்சுன்னா பாட்டில்ல விரிசலோ, மூடியில இடைவெளியோ இருக்கு. கை மேல தப்பு இல்ல, பாத்திரத்து மேலதான்.

'ஓவர்ஃப்ளோ' ஆச்சுன்னா பாட்டில் நல்லாத்தான் இருக்கு. கொள்ளளவுக்கு மேல போயிடுச்சு, வழிஞ்சிடுச்சு. அளவு பார்க்காதது தப்பு.

'டம்ப்' பண்ணாங்கன்னா வேண்டாம்னு கொண்டுவந்து கொட்டிட்டாங்க. இதுல விபத்தே கிடையாது.

இப்போ இன்ஜினியரா யோசிங்க. ஸ்பில்னா ஆளுக்குப் பயிற்சி வேணும், இல்லன்னா பாட்டில் வைக்கிற இடத்தை மாத்தணும். லீக்னா பாட்டிலை மாத்தணும். ஓவர்ஃப்ளோனா லெவல் காட்டுற கருவி வேணும். டம்ப்னா விசாரணை வேணும். ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே, காரணம் என்னன்னு நீங்க பாதி தீர்ப்பு எழுதிடுறீங்க.

இதுல ஒரு சின்ன தந்திரமும் இருக்கு. தமிழ்ல "ஆசிட்டைச் சிந்திட்டேன்"னும் சொல்லலாம், "ஆசிட் சிந்திடுச்சு"ன்னும் சொல்லலாம். ரெண்டாவதுல ஆளே காணாமப் போயிடுறார். இங்கிலீஷ் ஸ்பில்லும் இதே மாதிரி ரெண்டு பக்கமும் ஓடும். ரிப்போர்ட்ல ரெண்டாவது வகையை எழுதினா, படிக்கிறவர் கேக்கிற முதல் கேள்வி "தானா எப்படிச் சிந்தும்?" என்பதுதான்.

லீக் விஷயத்துல ரெண்டு மொழியும் அதிசயமா ஒத்துப்போகுது. "கூரை ஒழுகுது"ங்கிறோம், "தண்ணி ஒழுகுது"ங்கிறோம். ஓட்டை இருக்கிற பொருளுக்கும் அது வழியா வர்ற பொருளுக்கும் ஒரே வினை. லீக்கும் அப்படித்தான்: பைப்பும் லீக் ஆகும், தண்ணியும் லீக் ஆகும்.

ரெண்டாவது கேள்வி: எது நகர்த்துது, எவ்வளவு வேகம்?

போர் பண்ணும்போது வேலை செய்றது புவியீர்ப்பு. 'பம்ப்' பண்ணும்போது வெளியில இருந்து ஒரு இயந்திரம் ஆற்றல் குடுக்குது. 'ட்ரா'ன்னா தேவையான அளவு இழுத்து எடுக்கிறது: கிணத்துல தண்ணி சேந்துறதும் ட்ரா, சிரிஞ்சுல ரத்தம் எடுக்கிறதும் ட்ரா. 'சைஃபன்'னா ஒரு குழாய் வழியா விளிம்புக்கு மேல ஏத்தி, மோட்டர் இல்லாமலே கீழ இருக்கிற பாத்திரத்துக்கு இறக்குறது. ஆரம்பிச்சு விட்டா போதும், மிச்சத்தைப் புவியீர்ப்பும் காற்றழுத்தமும் பார்த்துக்கும்.

உறிஞ்சுறதுக்கும் தள்ளுறதுக்கும் வித்தியாசம் வெறும் சொல் வித்தியாசம் இல்ல. கடல் மட்டத்துல காற்றழுத்தம் ஒரு தண்ணித் தூணை அதிகபட்சம் சுமார் 10.3 மீட்டர் வரைக்கும்தான் தூக்கிப் பிடிக்கும். எவ்வளவு பெரிய மோட்டரை மேல வச்சாலும் அதுக்கு மேல உறிஞ்சி ஏத்த முடியாது. அதனாலதான் ஆழமான போர்வெல்லுக்கு சப்மெர்சிபிள் பம்பைத் தண்ணிக்குள்ளயே இறக்கிக் கீழ இருந்து தள்ளுறோம்.

'ப்ரைம்' என்ற சொல்லையும் இங்கயே பார்த்துடலாம். கிணத்து மோட்டர் ஓடுது, ஆனா தண்ணி ஏறலைன்னா ஊர்ல என்ன செய்வாங்க? பம்புக்குள்ள ஒரு குடம் தண்ணி ஊத்தித் திரும்பப் போடுவாங்க. சென்ட்ரிஃப்யூகல் பம்ப் உள்ள காத்து இருந்தா தேவையான உறிஞ்சல் உண்டாகாது. அதனால கேசிங்கை முதல்ல தண்ணியால நிரப்பணும். அதுக்குப் பேர் பம்பை ப்ரைம் பண்றது. இதை இன்டர்வியூவுல "மோட்டருக்குள்ள தண்ணி போர் பண்ணுவோம்"னு மொழிபெயர்த்தீங்கன்னா, எதிர்ல இருக்கிறவர் எரிஞ்சுபோன காயிலைத்தான் நினைச்சுப் பார்ப்பார்.

அடுத்தது வேகம். குறைவுல இருந்து அதிகத்துக்கு ஏறக்குறைய இப்படி வரிசைப்படுத்தலாம். 'ஸீப்': நுண்ணிய துளைகள் வழியா மெல்ல ஊறி வர்றது. 'ஊஸ்': கிரீஸ் மாதிரி கெட்டியானது பிதுங்கி வர்றது. 'ட்ரிப்': சொட்டுச் சொட்டா விழுறது. 'ட்ரிக்கிள்': நூல் மாதிரி ஒழுகுறது. 'கஷ்': பீறிட்டு வர்றது.

இந்த வரிசையில ஸீப்புக்கும் லீக்குக்கும் இடையில இருக்கிற கோட்டை சிவில் நண்பர்கள் கட்டாயம் கவனிக்கணும். மண் அணை எதுவா இருந்தாலும் அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி ஊறி வரும். அது ஸீப்பேஜ். அதைக் கணக்கு போட்டு, ஃப்ளோ நெட் வரைஞ்சு, வடிகால் வச்சுத்தான் அணையைக் கட்டுறோம். லீக்னா வரக்கூடாத வழியில வர்றது.

அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல டீட்டன் அணை, சுமார் 93 மீட்டர் உயரம். முதல் தடவையா நீர் நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. 1976 ஜூன் 3-ஆம் தேதி, அணைக்குக் கீழ்ப்பக்கம் தெளிவான தண்ணி ஊறி வர்றதைக் கவனிச்சாங்க. ஜூன் 5 காலையில வந்தது தெளிவான தண்ணி இல்ல, சேத்துத் தண்ணி. கலங்கின தண்ணின்னா என்ன அர்த்தம்? தண்ணி தனியா வரலை, அணையோட மண்ணையும் அரிச்சுக்கிட்டு வருது. ஓட்டையை அடைக்க அனுப்பின புல்டோசர்களே உள்ள சரிஞ்சு போச்சு. மதியம் 12 மணி ஆகுறதுக்குச் சில நிமிஷம் முன்னாடி அணை உடைஞ்சது. 11 பேர் இறந்தாங்க. "ஊறுது" என்ற சொல்லுக்கும் "அரிச்சுக்கிட்டு ஒழுகுது" என்ற சொல்லுக்கும் நடுவுல இருந்த நேரம் ரொம்பக் கொஞ்சம். சைட்ல இருந்து போன்ல தகவல் சொல்றவர் எந்த வினையைச் சொல்றார் என்பதை வச்சுத்தான் கீழ இருக்கிற ஊரைக் காலி பண்ணணுமான்னு ஒருத்தர் முடிவெடுப்பார்.

மூணாவது கேள்வி: கண்ணு எது மேல?

நம்மில் பலபேர் செய்ற தப்பு இதுலதான் இருக்கு. "பாட்டில்ல தண்ணி நிரப்பு"ன்னு தமிழ்ல சொல்றது சரி. அதை அப்படியே "ஃபில் வாட்டர் இன் தி பாட்டில்"னு சொல்லிடுறோம். இங்கிலீஷ்ல ஃபில்லுக்கு அடுத்து வரவேண்டியது பாட்டில்: "ஃபில் தி பாட்டில் வித் வாட்டர்". போருக்கு அடுத்து வரவேண்டியது தண்ணி: "போர் வாட்டர் இன்டு தி பாட்டில்". மாத்திப் போட்டா ரெண்டுமே தப்பு.

ஏன் இப்படி? போர் என்பது திரவம் எப்படி நகருதுன்னு சொல்ற வினை. பாத்திரம் நிரம்புச்சா இல்லையான்னு அதுக்குக் கவலை இல்ல. ஃபில் என்பது பாத்திரம் என்ன நிலைக்கு வந்துச்சுன்னு சொல்ற வினை. தண்ணி எப்படி வந்துச்சுன்னு அதுக்குக் கவலை இல்ல. சொட்டுச் சொட்டா விழுந்து நிரம்பினாலும் ஃபில்தான், மழை பெஞ்சு நிரம்பினாலும் ஃபில்தான். எந்த வினை எதைக் கவனிக்குதோ அதுதான் அதுக்குப் பக்கத்துல வந்து உக்காரும். மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 2007-ல வெளிவந்த 'தி ஸ்டஃப் ஆஃப் தாட்' புத்தகத்துல இந்த வகை வினைகளைப் பத்தி விரிவா எழுதியிருக்கார்.

'ஸ்ப்ரே' மாதிரி சில வினைகள் ரெண்டு பக்கமும் போகும். பெயின்ட்டைச் சுவர் மேல ஸ்ப்ரே பண்ணலாம், சுவரைப் பெயின்ட்டால ஸ்ப்ரே பண்ணலாம். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. முதலாவதுல எங்கயோ ஒரு மூலையில கொஞ்சம் அடிச்சிருந்தாலும் சரி. ரெண்டாவது, சுவர் முழுக்க அடிச்ச மாதிரி கேக்கும்.

இன்னொரு தப்பு 'ஃப்ளோ'. தமிழ்ல நமக்குத் தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி உருவம் உண்டு. தொட்டி நிரம்புது, நாம நிரப்புறோம். தண்ணி பாயுது, நாம பாய்ச்சுறோம். இங்கிலீஷ்ல ஃபில், ஸ்பில், ட்ரெய்ன் எல்லாம் ரெண்டு வேலையையும் ஒரே உருவத்துல பார்த்துக்கும். அந்தப் பழக்கத்துல வெஞ்சுரி மீட்டர் ரெக்கார்ட்ல "வாட்டர் ஈஸ் ஃப்ளோட் த்ரூ தி பைப்"னு எழுதிடுறோம். ஃப்ளோ என்பது 'பாய்' மட்டும்தான், 'பாய்ச்சு' இல்ல. "வாட்டர் ஈஸ் அலவ்ட் டு ஃப்ளோ"ன்னு எழுதுங்க, இல்லன்னா "வாட்டர் ஈஸ் பாஸ்ட் த்ரூ தி பைப்"னு எழுதுங்க.

சரி, கண்ணு மிஞ்சுறது மேல இருந்தா? சமையல்கட்டுக்கு வாங்க. சோறு வடிக்கும்போது நமக்கு வேண்டியது சோறு, போகவேண்டியது கஞ்சி. அது 'ட்ரெய்ன்' (ரயில் இல்ல, ட்ரெய்னேஜ்ல இருக்கிற ட்ரெய்ன்). டீ வடிகட்டும்போது வேண்டியது டீ, போகவேண்டியது தூள். அது 'ஸ்ட்ரெய்ன்'. நுண்ணிய துளை இருக்கிற தாள், துணி, மணல் வழியா பிரிச்சா 'ஃபில்டர்'. வடிகட்டியே இல்லாம, அடியில படிய விட்டு மேல இருக்கிற தெளிவை மட்டும் மெதுவா சாய்ச்சு எடுத்தா 'டிகேன்ட்'. ஸ்கூல் அறிவியல் புத்தகத்துல "தெளிய வைத்து இறுத்தல்"னு படிச்சோமே, அதேதான்.

மெக்கானிக் ஷெட்ல இன்னொரு கூட்டம் இருக்கு. பழைய இன்ஜின் ஆயிலை முழுசா இறக்குறது ட்ரெய்ன். உள்ள இருக்கிற அழுக்கை வேகமா திரவம் விட்டு அடிச்சுக் கழுவுறது 'ஃப்ளஷ்'. குறைஞ்ச அளவுக்கு மட்டும் ஊத்துறது 'டாப் அப்'. பிரேக்கை 'ப்ளீட்' பண்றது இதுல தனி ரகம்: வெளிய வர்றது பிரேக் ஆயில், ஆனா உண்மையில வெளியேத்த நினைக்கிறது உள்ள மாட்டின காத்தை. காத்து அமுங்கும், ஆயில் கிட்டத்தட்ட அமுங்காது. காத்து மிச்சம் இருந்தா பெடலை மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. "பிரேக் ஆயிலை ட்ரெய்ன் பண்ணு"ன்னு கேட்டு, இறக்கிட்டு அப்படியே வண்டியைக் குடுத்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

பிப்பெட்டின் கடைசிச் சொட்டு

மூணு கேள்வியும் ஒண்ணா சேர்ற இடம் டைட்ரேஷன். பிப்பெட்டுக்குள்ள கரைசலை ட்ரா பண்றோம். அடுத்து அதைக் கூம்புக் குடுவைக்குள்ள ட்ரெய்ன் ஆக விடணும், அதாவது புவியீர்ப்புல தானா வடியணும். நுனியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும். நிறைய பேர் அதையும் ஊதித் தள்ளிடுறாங்க. அது 'ப்ளோ அவுட்'.

நாம டைட்ரேஷனுக்கு எடுக்கிற, நடுவுல குமிழ் வச்ச பிப்பெட்டை, நுனியில நிக்கிறது நிக்கட்டும்னு கணக்குல எடுத்துத்தான் அளவு குறிச்சிருக்காங்க. 25 மி.லி. ஏ கிளாஸ் பிப்பெட்டுக்கு அனுமதிச்ச பிழை 0.03 மி.லி. ஒரு சொட்டு சுமார் 0.05 மி.லி. ஊதி ஒரு சொட்டு கூடினாலே வரம்பு தாண்டிடுச்சு. ஊதியே ஆகவேண்டிய பிப்பெட்டும் இருக்கு. அதுல மேல் முனைக்குப் பக்கத்துல வளையமோ பட்டையோ போட்டு அடையாளம் காட்டியிருப்பாங்க. ரெக்கார்ட்ல எந்த வினையை எழுதுறீங்களோ, அதுதான் உங்க ரீடிங் நம்பத்தகுந்ததான்னு சொல்லும்.

ஒரு சொல்லோட விலை

இந்த நுணுக்கமெல்லாம் இங்கிலீஷ் வாத்தியாருக்கு மட்டும்தான்னு தோணுதா? அமெரிக்காவோட தூய நீர்ச் சட்டத்துல எண்ணெய் சம்பந்தமான பிரிவைப் பாருங்க. 'டிஸ்சார்ஜ்'னா என்னன்னு வரையறுக்க வந்தவங்க ஒரு சொல்லோட நிறுத்தலை. ஸ்பில், லீக், பம்ப், போர், எமிட், எம்ப்டி, டம்ப்னு ஏழு வினைகளை அடுக்கி, இவை மட்டும் இல்லைன்னும் சேர்த்துக்கிட்டாங்க. 1980-ல வந்த இன்னொரு சட்டம், 'ரிலீஸ்' என்ற சொல்லுக்குப் பட்டியலைப் பன்னெண்டாவே நீட்டுச்சு. காரணம், முதல் கேள்வியில பார்த்ததுதான். "நாங்க ஊத்தலை, தானா கசிஞ்சது"ன்னு தப்பிக்க ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது.

2010 ஏப்ரல் 20-ல மெக்ஸிகோ வளைகுடாவுல டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடிச்சு 11 பேர் இறந்தாங்க. கடலுக்கு அடியில சுமார் 1,500 மீட்டர் ஆழத்துல இருந்த கிணறு 87 நாள் எண்ணெயைக் கக்கிக்கிட்டே இருந்தது. உலகமே இதை 'ஆயில் ஸ்பில்'னு சொல்லுது. நம்ம கேள்விகளை வச்சுப் பார்த்தா, இது கப்பல்ல இருந்து சிந்தின எண்ணெய் இல்ல. பூமிக்குள்ள இருந்த அழுத்தம் தள்ளிப் பீறிட்ட எண்ணெய். ஸ்பில் என்ற சொல் அந்த அழுத்தத்தை மறைச்சிடுது.

பிபி நிறுவனத்து மேல நடந்த வழக்குல 2015 ஜனவரியில நீதிமன்றம் ஒரு கணக்கு சொன்னது. எண்ணெய்ப் படுகையை விட்டு வெளிய வந்தது 40 லட்சம் பேரல். அதுல 8.1 லட்சம் பேரலைக் கடல் தண்ணியோட கலக்காம பிடிச்சுட்டாங்க. ஆகவே கடல்ல டிஸ்சார்ஜ் ஆனது 31.9 லட்சம் பேரல். சட்டப்படி அபராதம் டிஸ்சார்ஜ் ஆன பேரலுக்கு மட்டும்தான், பெரும் அலட்சியம் இருந்தா அந்த வழக்குல பேரலுக்கு 4,300 டாலர் வரைக்கும் இருந்தது. கணக்கு போட்டுப் பாருங்க: "வெளிய வந்தது" என்ற வினைக்கும் "கடல்ல கலந்தது" என்ற வினைக்கும் நடுவுல இருந்தது அதிகபட்சமா சுமார் 348 கோடி டாலர்.

ரெக்கார்ட் எழுதுறதுக்கு முன்னாடி

செய்தித்தாளைப் படிக்கும்போதும் இந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பழகலாம். வினாத்தாள் 'லீக்' ஆச்சுன்னா அமைப்புல எங்கயோ ஓட்டை. ஒருத்தர் ரகசியத்தை 'ஸ்பில்' பண்ணிட்டார்னா வாய் தவறிடுச்சு. திட்டத்துக்குப் பணத்தைப் 'போர்' பண்ணாங்கன்னா தெரிஞ்சே கொட்டினாங்க. அதே பணத்தை 'சைஃபன்' பண்ணாங்கன்னா யாரோ குழாய் போட்டு நைசா வேற பாத்திரத்துக்கு இறக்கிட்டாங்க. லேப்ல பார்த்த அர்த்தமே இங்கயும் அப்படியே வருது.

அடுத்த தடவை ரெக்கார்ட்ல ஒரு திரவத்தைப் பத்தி வாக்கியம் எழுதும்போது ரெண்டு நொடி நிறுத்துங்க. தெரிஞ்சு செஞ்சதா? எது தள்ளுச்சு? கண்ணு எது மேல? பதில் கிடைச்சா வினைச்சொல் தானா வந்து நிக்கும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிறவங்க, அவரோட வினைச்சொல்லையாவது சரிபார்த்துட்டு அடிங்க.

கடைசியா உங்களுக்கு ஒரு வேலை. டீக்கடை மாஸ்டர் ரெண்டு கையையும் விரிச்சு ஒரு குவளையில இருந்து இன்னொண்ணுக்கு, திரும்ப அங்க இருந்து இங்க, ஒரு சொட்டு சிந்தாம வீசுறாரே, அது 'ஆத்துறது'. தெரிஞ்சே செய்றது, புவியீர்ப்பு நகர்த்துறது, நம்ம கண்ணு இருக்கிறது ஆறுற சூட்டு மேல. மலேசியாவுல இதே டீக்கு 'தே தாரிக்'னு பேர், இழுத்த டீன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல இதுக்கு ஒத்தைச் சொல் கண்டுபிடிக்கிறவங்க எங்களுக்கு எழுதுங்க. டீ எங்க செலவு.